'ஹேவ் டேக்கனா', 'ஹேவ் பீன் டேக்கிங்கா'?

வெளிநாட்டு வேலைக்காக ஓஇடி, ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வுகளுக்குப் படிக்க வரும் நர்ஸ்கள் மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் நிறையப் பேர். அவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. எங்கே அதிகம் தடுமாறுகிறார்கள் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: ப்ரெசன்ட் பெர்ஃபெக்ட் சிம்பிளுக்கும் ப்ரெசன்ட் பெர்ஃபெக்ட் கன்டினியூயஸுக்கும் நடுவில்தான். அமைப்பைக் கேட்டால் எல்லோரும் ஒப்பித்துவிடுவார்கள். 'ஹேவ்' அல்லது 'ஹேஸ்', அதோடு வினையின் மூன்றாம் வடிவம் என்றால் சிம்பிள். 'ஹேவ் பீன்' அல்லது 'ஹேஸ் பீன்', அதோடு 'இங்' சேர்ந்த வினை என்றால் கன்டினியூயஸ். எந்த இடத்தில் எதை எடுப்பது என்று வரும்போதுதான் வாய் நின்றுபோகிறது.

முடிந்துபோனால் சிம்பிள், இன்னும் நடந்துகொண்டிருந்தால் கன்டினியூயஸ் என்று பல கைடுகளில் ஒரு விதி இருக்கும். அதை நம்பாதீர்கள், பாதி இடங்களில் கவிழ்த்துவிடும். தக்கலையில் பஸ்ஸை விட்டு இறங்குகிறீர்கள். மழை விட்டாச்சு, ஆனால் ரோடெல்லாம் தண்ணீர், கடைகளின் கூரையிலிருந்து இன்னும் சொட்டுகிறது. அப்போது ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியது "இட் ஹேஸ் பீன் ரெய்னிங்". நின்றுபோன மழைக்குக் கன்டினியூயஸ்! அதே சமயம், பல வருஷமாகத் தெரிந்த, இன்றும் பழகுகிற ஒருவரைப் பற்றி "ஐ ஹேவ் நோன் ஹிம் சின்ஸ் 2010" என்கிறோம். தொடர்கிற பழக்கத்துக்குச் சிம்பிள்.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. சிம்பிள் கணக்குக் காட்டும்: என்ன முடிந்தது, எத்தனை ஆனது, கையில் என்ன மிஞ்சியது. கன்டினியூயஸ் அந்தச் செயலையும் அதில் ஓடிய நேரத்தையும் காட்டும். குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டக்காரர் கேட்டால் "ஐ ஹேவ் டேப்ட் த்ரீ ஹண்ட்ரட் ட்ரீஸ்" என்பார். 300 மரம் வெட்டியாச்சு என்ற கணக்கு. ஏன் இப்படி வியர்த்து நிற்கிறீர்கள் என்று வீட்டில் கேட்டால் "ஐ ஹேவ் பீன் டேப்பிங் சின்ஸ் ஃபைவ்" என்பார். அங்கே மரக்கணக்கு யாருக்கும் வேண்டாம். எண்ணிக்கை வந்துவிட்டால் கன்டினியூயஸை ஒதுக்கிவிடுங்கள். "ஐ ஹேவ் பீன் டேப்பிங் த்ரீ ஹண்ட்ரட் ட்ரீஸ் திஸ் மார்னிங்" என்றால் கேட்கிறவருக்கு இடறும்.

ஆஸ்பத்திரியில் இந்த இடறல் சின்ன விஷயம் இல்லை. ஷிஃப்ட் மாறும்போது ஒப்படைக்கிற நர்ஸ், "தி பேஷண்ட் ஹேஸ் பீன் வாமிட்டிங் சின்ஸ் மிட்நைட்" என்று சொன்னால் நள்ளிரவிலிருந்து வாந்தி விட்டுவிட்டுத் தொடர்கிறது என்று புரியும். எத்தனை முறை என்று தெரியாது. "ஹேஸ் வாமிட்டட் ஃபோர் டைம்ஸ் சின்ஸ் மிட்நைட்" என்றால் நான்கு முறை. உடம்பிலிருந்து எவ்வளவு நீர் போயிருக்கும் என்று டாக்டர் யோசிக்க அது உதவும். என் வகுப்பில் அடிக்கடி காதில் விழுவது இரண்டையும் கலந்த "ஹேஸ் பீன் வாமிட்டிங் ஃபோர் டைம்ஸ்". அதைத் திருத்தாமல் நான் விடுவதில்லை.

இதைவிட முக்கியமான ஜோடி ஒன்று உண்டு. "ஹேவ் யூ டேக்கன் யுவர் டேப்லெட்?" என்பது, மாத்திரை போட்டாச்சா என்ற கேள்வி. "ஹேவ் யூ பீன் டேக்கிங் யுவர் டேப்லெட்ஸ்?" என்பது, மாத்திரையை ஒழுங்கா போட்டுட்டு வாறீங்களா என்ற கேள்வி. பிரஷருக்கு மருந்து சாப்பிடுகிற ஒரு பெரியவர் இரண்டு வாரமாக மாத்திரையைத் தொடவில்லை. இன்று ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே என்று காலையில் மட்டும் ஒன்று போட்டுக்கொண்டு வருகிறார். முதல் கேள்விக்கு அவர் "யெஸ்" என்பார், அது பொய்யும் இல்லை. பிரஷர் ஏறியிருப்பதைப் பார்க்கிற டாக்டர், மருந்து போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்ட நேரலாம். இரண்டாவது கேள்வியைக் கேட்டிருந்தால் அந்த இரண்டு வாரம் வெளியே வந்திருக்கும். பழக்கத்தையும் தொடர் சிகிச்சையையும் விசாரிக்கிற இடத்தில் கன்டினியூயஸுக்கே என் ஓட்டு.

ஓஇடியில் எழுதுகிற பரிந்துரைக் கடிதத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வரும். "ஷி ஹேஸ் ஹேட் டயபடிஸ் ஃபார் டென் இயர்ஸ் அண்ட் ஹேஸ் பீன் டேக்கிங் மெட்ஃபார்மின் ஃபார் ஃபைவ்." சர்க்கரை நோய் இருப்பது ஒரு நிலை, அதற்குச் சிம்பிள். மருந்து சாப்பிடுவது ஒரு செயல், அதற்குக் கன்டினியூயஸ். 'நோ', 'ஓன்', 'பிலீவ்' மாதிரி நிலையைச் சொல்லும் வினைகள் எத்தனை வருஷக் கணக்கு வந்தாலும் 'இங்' ஏற்காது. 'ஹேவ்' மட்டும் கொஞ்சம் வளையும். வந்து வந்து போகிற நெஞ்சுவலிக்கு "ஹேஸ் பீன் ஹேவிங் செஸ்ட் பெயின்" சரிதான், ஏனென்றால் அது ஒவ்வொரு முறையும் நிகழ்கிறது.

எதிர்மறையிலும் கவனம் வேண்டும். "ஐ ஹேவ்ன்ட் ஸ்லெப்ட் சின்ஸ் மண்டே" என்று நோயாளி சொன்னால் திங்கட்கிழமையிலிருந்து ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. "ஐ ஹேவ்ன்ட் பீன் ஸ்லீப்பிங் வெல்" என்றால் தூங்குகிறார், சரியாகத் தூங்கவில்லை.

அப்புறம், நிலைத்து நிற்பதும் தற்காலிகமானதும். கன்னியாகுமரிக் கடலில் 133 அடி உயர வள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. அதற்கு "ஹேஸ் ஸ்டுட் தேர் சின்ஸ் 2000" என்பதே பொருத்தம். படகு டிக்கெட்டுக்கு வெயிலில் நிற்கிற உங்கள் சித்தப்பாவுக்கு "ஹேஸ் பீன் ஸ்டாண்டிங் இன் த க்யூ ஃபார் அன் அவர்". இடத்தை மாற்றிப் போட்டால் இலக்கணம் முறிந்துவிடாது, ஆனால் சிலை கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிடும் போல ஒரு தொனி வரும்.

அதே கடலில் சிலையையும் விவேகானந்தர் பாறையையும் இணைக்கிற 77 மீட்டர் கண்ணாடிப் பாலம், சிம்பிள், கன்டினியூயஸ் இரண்டுக்குமே எட்டாத ஒரு எல்லையைக் காட்டும். வேலை நடந்த காலத்தில் "தே ஹேவ் பீன் பில்டிங் எ ப்ரிட்ஜ்". முடிந்ததும் "தே ஹேவ் பில்ட் எ ப்ரிட்ஜ்". திறந்த தேதியைச் சேர்த்து, 2024 டிசம்பர் 30 என்று சொல்ல வந்தால் இரண்டும் ஆகாது. "தே ஓப்பன்ட் இட்" என்று சிம்பிள் பாஸ்டுக்குப் போய்விட வேண்டும். நேற்று, போன வருஷம் போன்ற சொற்களுக்கும் இதே கதைதான்.

'லிவ்', 'வொர்க்' இரண்டிலும் பெரிய வேறுபாடு கிடையாது. "ஐ ஹேவ் லிவ்ட்", "ஐ ஹேவ் பீன் லிவிங்" எதைச் சொன்னாலும் சரி.

இரண்டில் எதற்கு அதிகம் உழைக்கலாம் என்று கேட்டால், நம் ஊர்க்காரர்களுக்குச் சிம்பிள் என்பேன். 'இங்' நமக்குத் தானாகவே வந்துவிடும். தேவையில்லாத இடத்தில் கூட "ஐ ஆம் நோயிங்" என்று வந்து நிற்கும். ஆனால் நேர்காணலில் ஓர் இடத்தில் கன்டினியூயஸ் நன்றாகக் கைகொடுக்கும். அஞ்சு வருஷமா வேலை பார்க்கிறேன் என்று தமிழில் நிகழ்காலத்திலேயே சொல்லிப் பழகியதால் "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்" என்று வாயில் வருகிறது. அதில் தப்பு இரண்டு. காலம் ஒன்று, தொடங்கிய புள்ளிக்குத்தான் 'சின்ஸ்', கால அளவுக்கு 'ஃபார்' என்பது இன்னொன்று. "ஹவ் லாங் ஹேவ் யூ பீன் வொர்க்கிங் இன் த ஐசியூ?" என்று கேட்டால் "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்". அடுத்து "ஹவ் மெனி வென்டிலேட்டர் பேஷண்ட்ஸ் ஹேவ் யூ லுக்ட் ஆஃப்டர்?" என்று வந்தால் "ஐ ஹேவ் லுக்ட் ஆஃப்டர்" என்று தொடங்கி, உங்கள் எண்ணிக்கையைச் சொல்லுங்கள்.