ஹால்டெக்ஸ் சர்வீஸ்: பில்லில் ஏறியது, வண்டியில் ஏறவில்லை

நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி; அதில் பின்சக்கரங்களுக்கு விசையை இணைத்துவிடுவது ஹால்டெக்ஸ் கப்ளிங். சர்வீஸுக்கு விடும் முன்பே, அந்தக் கப்ளிங்கின் ஆயில் பம்பைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டின் தலையிலிருந்தும் உறை வரை சிவப்பு நகப்பாலிஷில் ஆளுக்கொரு சின்னக் கோடு இழுத்தாகிவிட்டது. வண்டி திரும்பி வந்தபோது பில்லில் மூன்று வரி: ‘ஹால்டெக்ஸ் முழு சர்வீஸ்’, ‘பம்ப் ஸ்ட்ரெய்னர் சுத்தம்’, ‘புது ஓ-ரிங்’ (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்). அடியில் படுத்து டார்ச் அடித்தால் இரண்டு கோடும் இம்மி பிசகாமல் அப்படியே நிற்கின்றன. போல்ட் தலையின் குழிக்குள் பழைய சேறு காய்ந்து கல்லாகக் கிடக்கிறது. எந்தச் சாவியும் அதற்குள் போகவில்லை. டிரெயின் பிளக் மட்டும் துடைத்துப் பளபளவென்று இருந்தது. ஆயிலை வடித்து ஊற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஈரத்தரையில் முன்சக்கரம் வெட்டியாகச் சுற்றும் கோளாறு போகவே இல்லை. மறுபடி கேட்டால், “முழு கப்ளிங்கையும் மாத்தணும் சார், உள்ளே கிளட்ச் போயிடுச்சு” என்று பதில். கழற்றிப் பார்த்தபோது ஸ்ட்ரெய்னர் வலை முழுக்கக் கரும்பசை அப்பி, ஒரு துளைகூடத் திறந்திருக்கவில்லை. பம்ப் மோட்டார் எரிந்திருந்தது. ஆயில் கறுப்பு, ஆனால் உலோகப் பொடி இல்லை. அதாவது கிளட்ச் நன்றாகவே இருந்தது. தேவைப்பட்டது ஒரு பம்பும் ஒரு மணிநேர வேலையும்.

இந்த ஏமாற்று ஏன் இவ்வளவு சுலபமாக நடக்கிறது என்பதற்கு, கப்ளிங் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஹால்டெக்ஸ் என்பது பின் டிஃப்ரன்ஷியலுக்கு (இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) முன்னால் உட்கார்ந்திருக்கும், ஆயிலில் மூழ்கிய பல தட்டு கிளட்ச். 1998 வாக்கில் கோல்ஃப் 4மோஷன், ஆடி டிடி போன்ற கார்களில் வந்தது. பிறகு வால்வோ எக்ஸ்சி90, ஃப்ரீலேண்டர் 2 என்று காட்டுப்பாதை வண்டிகளிலும் ஏறியது. முதல் மூன்று தலைமுறைகளில், முன்பின் சக்கரங்களுக்கிடையே வேக வித்தியாசம் வந்தால்தான் தட்டுகளை இறுக்கும் ஆயில் அழுத்தம் முழுதாக எழும். நான்காவதிலிருந்து மின்பம்பே அழுத்தம் முழுவதையும் தருகிறது. ஐந்தாவதில் அழுத்தத்தைச் சேர்த்து வைக்கும் அறையையும் எடுத்துவிட்டார்கள். பம்ப் மோட்டாருக்குப் போகும் மின்னோட்டமே பிடியின் அளவைத் தீர்மானிக்கிறது. பம்ப் நின்றால் பின்சக்கர விசையும் நின்றது. வண்டி முன்சக்கர வண்டியாக ஓடிக்கொண்டே இருக்கும், தார் ரோட்டில் யாருக்கும் தெரியாது. வலை பாதி அடைத்த நிலையில் எச்சரிக்கை விளக்கு எரியாமலும் இருக்கலாம், ஸ்கேனரில் ஃபால்ட் கோட் வராமலும் இருக்கலாம். செய்யாத வேலைக்குப் பில் போடுபவருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

கிளட்ச் தட்டுகள் உரசும்போது பொடி உதிர்வது இயல்பு. முந்தைய தலைமுறைகளில் அதைப் பிடிக்கத் தனி ஃபில்டர் உண்டு. ஆயில் 30,000 கி.மீ., ஃபில்டர் 60,000 கி.மீ. என்பது ஆரம்பகால ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளுக்குச் சொல்லப்பட்ட கணக்கு. ஐந்தாம் தலைமுறையில் மாற்றக்கூடிய ஃபில்டரே கிடையாது. பம்பின் வாயைச் சுற்றி மெல்லிய வலை மட்டும். சர்வீஸ் அட்டவணையில் ‘ஆயில் மாற்று’ என்றுதான் எழுதியிருக்கும், வலையைக் கழற்றச் சொல்லி இருக்காது. ஆயிலை வடித்தால் பொடி அதோடு வெளியேறிவிடும் என்று நினைப்பது தப்பு. அது வலையில் பசையாக ஒட்டிக்கொண்டு அங்கேயே இருக்கும். பம்ப் அதன் வழியே மூச்சுத் திணறி உறிஞ்சும், சூடேறும், ஒருநாள் எரியும்.

ஒழுங்கான வேலை என்றால் இப்படி. வண்டி சமமாக நிற்க வேண்டும். முதலில் கழற்றிப் பார்க்க வேண்டியது ஃபில்லர் பிளக், அதாவது ஆயில் ஊற்றும் துளையின் மூடி. அது துருப்பிடித்து வரவில்லையென்றால் ஆயிலை வடிக்கவே கூடாது, வடித்த பிறகு ஊற்ற வழி இருக்காது. வடித்த ஆயிலை வெள்ளைத் தட்டில் பிடித்துப் பார்க்கலாம்: கறுப்பு என்றால் வெறும் பொடி, விரலில் மினுமினுத்தால் உலோகம் தேய்கிறது. பம்பைச் சுற்றியுள்ள மண்ணைப் பிரஷ்ஷும் பிரேக் கிளீனரும் கொண்டு முதலிலேயே சுத்தம் செய்யாவிட்டால் அந்த மண் நேராக உள்ளே விழும். கனெக்டரைக் கழற்றி, இரண்டு போல்ட்டையும் எடுத்து, பம்பை லேசாகத் திருகியபடி நேராக இழுத்தால் வந்துவிடும். ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பினால் அலுமினிய உறையில் கீறல் விழும், பிறகு கசிவு நிற்காது.

வலையைப் பிரேக் கிளீனரில் ஊறவைத்து, உள்ளிருந்து வெளியே மெதுவான காற்றால் ஊத வேண்டும். கம்பியால் குத்தினால் வலை கிழியும். வலையே வேண்டாமென்று தூக்கிப்போட்டு வெறும் பம்பை மாட்டித் தரும் ஆட்களும் உண்டு. கொஞ்ச நாளைக்கு வண்டி அருமையாக ஓடும், அப்புறம் அந்தப் பொடியைப் பம்பே தின்னும். பம்ப் முனைகளில் 12 வோல்ட்டை ஓரிரு விநாடி மட்டும் கொடுத்துப் பாருங்கள், உலர்ந்த நிலையில் அதற்கு மேல் ஓட்டக் கூடாது. சுற்றினால் பம்ப் உயிரோடு இருக்கிறது. சுற்றாவிட்டால் பம்பை மட்டும் தனியாக வாங்கலாம். அதற்காக முழு கப்ளிங்கை விற்கப் பார்ப்பவரிடம் இந்தச் சோதனையை உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள். ஓ-ரிங் புதியது, அதன்மேல் பூசுவது அதே கப்ளிங் ஆயில். ஃபில்லர் துளையின் விளிம்பில் வழியும் வரை சிரிஞ்சால் ஏற்றி, ஸ்கேனரில் பம்பைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மறுபடி பார்த்து நிரப்ப வேண்டும். இந்த இரண்டாவது நிரப்பலைத்தான் பலர் விடுகிறார்கள். மொத்தத்தில் போகும் ஆயில் ஒரு லிட்டருக்கும் குறைவு; பில்லில் இரண்டு லிட்டர் என்றிருந்தால் மீதி எங்கே போனது என்று கேட்கலாம்.

ஆயில் விஷயத்தில் நடப்பது தனிக் கூத்து. கப்ளிங்கும் டிஃப்ரன்ஷியலும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே பெட்டி போலத் தெரியும், ஆனால் அறை வேறு, பிளக் வேறு, ஆயில் வேறு. டிஃப்ரன்ஷியல் பிளக்கைத் திறந்து அதில் ஆயில் மாற்றிவிட்டு ‘கப்ளிங் சர்வீஸ்’ என்று எழுதுவது ஒரு வகை. கப்ளிங்குக்குள்ளேயே 75டபிள்யூ-90 ஜிஎல்-5 கியர் ஆயிலை ஊற்றுவது அதைவிட மோசம். கப்ளிங் ஆயில் மெலிது, தட்டுகளின் உராய்வுக்கென்றே தயாரித்தது. கியர் ஆயில் கெட்டி. குளிரில் பம்பால் இழுக்க முடியாது, தட்டுகள் விட்டுவிட்டுப் பிடித்து, இறுக்கமாகத் திருப்பும்போது பின்னாலிருந்து நடுக்கம் வரும். சந்தேகமா? கப்ளிங் ஃபில்லர் பிளக்கைத் திறந்து விரலால் தொட்டு மோந்து பாருங்கள். கியர் ஆயிலின் கந்தக நாற்றம் தப்பவே தப்பாது.

முதல் தலைமுறை ஃப்ரீலேண்டர் வைத்திருப்பவர்களிடம் நடப்பது அப்பட்டமான புளுகு. அதில் இருப்பது ஹால்டெக்ஸ் இல்லை, சிலிகோன் திரவம் நிரப்பி அடைத்த விஸ்கஸ் கப்ளிங். வடிக்கப் பிளக்கே கிடையாது. ‘கப்ளிங் ஆயில் மாற்றினோம்’ என்று பில் வந்தால் அங்கே பேச்சை முடித்துக்கொள்ளலாம். பழசானால் அந்தத் திரவம் இறுகும், அந்த இறுக்கம் முன்னாலுள்ள கியர் பெட்டியையும் பின் டிஃப்ரன்ஷியலையும் உடைக்கும். சோதிக்க: மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி, கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் நட்டில் நீளக் கம்பி மாட்டித் தள்ளுங்கள். கெட்டித் தேனுக்குள் கரண்டியைச் சுற்றுவது போல மெதுவாக நகர்ந்தால் சரி. அசையவே மாட்டேனென்றால் போய்விட்டது. ‘ரீகண்டிஷன்’ என்ற பெயரில் பெயிண்ட் மட்டும் அடித்த பழைய கப்ளிங்கும் சந்தையில் உண்டு. மாற்றினால் இருபுறத் தாங்கு பேரிங்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

வண்டியை விடும் முன், எந்த வகை கப்ளிங்காக இருந்தாலும் டயரை யாராவது பார்த்தார்களா என்று கவனியுங்கள். தேய்ந்த இரண்டும் புதிய இரண்டும் கலந்து ஓடினால் முன்பின் வேக வித்தியாசம் ஓயாமல் இருக்கும், தட்டுகள் ஓயாமல் உரசும், சுத்தம் செய்த வலை சீக்கிரமே மறுபடி கறுக்கும். நாலும் ஒரே அளவு, ஒரே மாடல், கிட்டத்தட்ட ஒரே தேய்மானம்.

எடுக்கும்போது பழைய ஓ-ரிங்கையும், ஃபில்டர் இருந்தால் அதையும், காலி ஆயில் பாட்டிலையும் கேட்டு வாங்குங்கள். பிறகு சரளைக்கல் தரையில் ஒருவர் வெளியே நின்று பார்க்க, நின்ற இடத்திலிருந்து பலமாக ஆக்சிலரேட்டரை மிதியுங்கள். முன்சக்கரம் மட்டும் கல்லை வாரி எறிந்து, பின்சக்கரம் சும்மா உருண்டு வந்தால், பணம் கொடுக்கும் முன்பே வண்டியைத் திரும்ப லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள்.