வால்நட் தளிருக்கு வேர் பிடிக்குமா? டி.கே.டபிள்யூ. ஆயத்தத் தூள்: இரண்டு பருவப் பயன்பாட்டுக்குப் பின்

கலிஃபோர்னியாவின் வால்நட் தோப்புகளில் ஒட்டுக்கட்டுவதற்கு வேர்ச்செடியாகப் பயன்படும் பாரடாக்ஸ் கலப்பினத்தைத் திசு வளர்ப்பில் பெருக்குவதற்கென்றே டிரைவரும் குனியுகியும் 1984இல் வெளியிட்ட ஊடகம் (செடித் துண்டுகள் வளர்வதற்கான சத்துக் கலவை) டி.கே.டபிள்யூ. அதன் உப்புகளையும் வைட்டமின்களையும் ஒன்றாகக் கலந்து விற்கும் தூளை எங்கள் ஆய்வகத்தில் இரண்டு பருவங்களாகப் பயன்படுத்திவருகிறோம்.

தளிர் பெருக்கத்தில் குறை சொல்ல இடமில்லை. எம்.எஸ். (முராஷிகே–ஸ்கூக்) என்னும் பொதுவான ஊடகத்தில் நுனி கருகிப்போன அதே தளிர்கள், கால்சியம் கூடுதலாக உள்ள இந்த ஊடகத்தில் பசுமையாக நிமிர்ந்து நிற்கின்றன. ஆனால் ‘வேர்விடுவதற்கும் ஏற்றது’ என்று பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பிவிடக் கூடாது. வால்நட் தளிர் லேசில் வேர்விடாது. அதைத் தூண்டுவது ஐ.பி.ஏ. என்னும் ஆக்சின் வகை ஹார்மோனும் இருட்டும்தான், தூளல்ல.

கால்பங்குச் செறிவுள்ள எம்.எஸ். ஊடகத்தில் லிட்டருக்கு 3 முதல் 5 மில்லிகிராம் ஐ.பி.ஏ. சேர்த்து, தளிர்களை ஏறத்தாழ ஒரு வாரம் முழு இருட்டில் வைத்தபின், ஆக்சின் கலக்காத டி.கே.டபிள்யூ. கரைசலில் நனைத்த வெர்மிகுலைட் என்னும் இலேசான கனிமத் துகள்களுக்கு மாற்றுகிறோம். விடுமுறையால் நான்கு நாள் கூடுதலாக இருட்டில் கிடந்த ஒரு தொகுதியில், தளிர்களின் அடியில் வேருக்குப் பதிலாகப் கேலஸ் என்னும் உருப்பெறாத பழுப்பு நிறத் திசுதான் பொரிபொரியாகத் திரண்டிருந்தது. அகர் என்னும் கூழில் விட்ட வேர் கழுவும்போதே முறிந்துவிடும். வெர்மிகுலைட்டில் காற்று புகுவதால் வேர் கிளைத்து, எடுக்கும்போது துகள்களையும் பற்றிக்கொண்டு வருகிறது. தூள் உண்மையிலேயே கைகொடுப்பது இந்த இரண்டாம் கட்டத்தில்தான்.

மூன்றாவதாக வந்த பொட்டலம் கல்லாகக் கட்டியிருந்தது. கால்சியம் நைட்ரேட் ஈரத்தை இழுக்கும் என்பது தெரிந்ததே. உறையை இன்னும் கெட்டியாகப் போட்டிருக்கலாம். மாற்றுப் பொட்டலம் வர மூன்று வாரம் ஆனது. செலவைக் குறைக்கலாமென்று பத்து மடங்குச் செறிவில் கரைசல் செய்து வைத்தபோது அடியில் வெண்ணிறமாகப் படிந்துவிட்டது. கால்சியமும் சல்ஃபேட்டும் அந்தச் செறிவில் சேர்ந்து நிற்காது. அது எங்கள் அவசரம், தூளின் குற்றமன்று.

ஐ.பி.ஏ.யைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். அமில வடிவம் தண்ணீரில் எளிதில் கரையாது, சிறிது ஆல்கஹாலோ காரமோ தேவைப்படும். பொட்டாசியம் உப்பாக வாங்கினால் அந்தத் தொல்லையில்லை. தூளைப் பொறுத்தவரை, விலை மலிவு என்று பெரிய டப்பாவை வாங்காமல், திறந்த அன்றே முழுவதையும் கரைத்துவிடக்கூடிய சிறு பொட்டலமாக வாங்குங்கள்.