வாரம் ஒரு டிர்செபடைட் ஊசி: ஏழு மாத அனுபவம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். 20 வருடமாக உட்கார்ந்தே வேலை. சாயங்காலம் ஆறு மணி ஆனால் தட்டுவடை செட் வேண்டும். மூன்று தட்டு உள்ளே போன பிறகும் மனம் அடுத்த தட்டிலேயே நிற்கும். 2025 ஏப்ரலில் எடை 94 கிலோ, உயரம் 158 செ.மீ. முழங்கால் வலியோடு டாக்டரிடம் போனேன். குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் உண்டா, எனக்குக் கணையத்தில் வீக்கம் வந்ததுண்டா என்றெல்லாம் கேட்டு, ரத்தப் பரிசோதனையும் பார்த்த பிறகே, எடையைக் குறைக்கிற இந்த டிர்செபடைட் ஊசியை எழுதிக் கொடுத்தார்.

சாப்பிட்டதும் குடல் சுரக்கிற ஜிஎல்பி-1, ஜிஐபி ஆகிய இரண்டு ஹார்மோன்களின் வேலையை இது செய்து பசியைக் குறைக்கிறது. உடம்பில் இயல்பாகச் சுரக்கும் ஜிஎல்பி-1 சில நிமிடங்களில் சிதைந்துவிடும். இந்த மருந்து பாதியாகக் குறையவே ஐந்து நாள் ஆகும். அதனால்தான் வாரத்துக்கு ஒன்று போதும்.

இரண்டாவது வாரம் ஒரு நாள், பாதி செட்டோடு தட்டைக் கீழே வைத்தேன். யாரும் தடுக்கவில்லை, நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கவில்லை. போதும் என்று தோன்றியது, அவ்வளவுதான். "வாயைக் கட்டத் தெரியாதவள்" என்று இத்தனை வருடம் கேட்ட பேச்செல்லாம் நினைவுக்கு வந்து அன்று அழுதுவிட்டேன்.

நாலு வாரம் கழித்து 2.5 மில்லிகிராமிலிருந்து 5-க்கு மாறியபோதுதான் கஷ்டம். ஊசி போட்ட மறுநாள் ஏற்காட்டில் ஒரு விசேஷம். 20 கொண்டை ஊசி வளைவில் ஏழாவதிலேயே வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்தேன். இந்த ஊசி போட்டால் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். காலையில் தின்ற பூரி அப்படியே வந்தது. மலச்சிக்கல் வேறு. இப்போது ஞாயிறு இரவு ஊசி, திங்கள் முழுக்க இட்லி, ரசம் சாதம், நிறைய தண்ணீர். கொழுப்போடு தசையும் கரையும் என்பதால் தினமும் முட்டை, சுண்டல், அப்புறம் கொஞ்சம் எடை தூக்கும் பயிற்சி.

இன்று 81 கிலோ. பட்டறை மாடிப்படியை நிற்காமல் ஏறுகிறேன். சொந்தக் கொலுசிலேயே இரண்டு கண்ணி எடுக்க வேண்டியதாயிற்று.

செலவுதான் பெரிய சுமை. நான் ஆரம்பித்தபோது 5 மில்லிகிராம் குப்பி 4,375 ரூபாய், மாதம் நாலு. நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்புகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. எத்தனை மாதம் கட்டுப்படியாகும் என்று வீட்டில் பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

இன்னொன்று: மருந்தை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். ஒரு கடையில் சாதாரண கவரில் போட்டு நீட்டினார்கள், திருப்பிக் கொடுத்துவிட்டேன். சேலத்து வெயிலுக்கு ஐஸ் வைத்த தெர்மாகோல் பெட்டியில்தான் வாங்க வேண்டும்.