அந்தூரியம் வாங்குகிறவர்கள் கவனிக்கவும்: சாடியில் பூ இருக்கிறது, வேர் இல்லை

கொழும்பில் வீதியோர விற்பனையாளர் ஒருவரிடம் கடந்த மாதம் வாங்கிய மூன்று அந்தூரியச் சாடிகளும் சிவப்பாகப் பூத்து நின்றன. பத்தாம் நாள் இலைகள் தொங்கின. கவிழ்த்துப் பார்த்தால் ஒன்றிலும் வேர் இல்லை. கிழட்டுச் செடிகளின் தலையை வெட்டி ஈரத் தும்புத்தூளில் இறுக்கி, இடையிடையே வெட்டுப்பூக்களையும் குத்தியிருந்தார்கள். வெட்டிய அந்தூரியப் பூ ஈரத்தில் இரண்டு வாரமாவது வாடாது. விற்றுத்தீர அது போதும்.

வாங்கும்போதே இதைக் கண்டுபிடிக்கலாம். அந்தூரியத்தில் ஒவ்வோர் இலைக்காம்பின் அடியிலிருந்தும் ஒரு பூத்தான் வரும். மூன்று இலைக்கு ஐந்து பூ நின்றால் வாங்காதீர்கள். பூக்காம்பை விரலால் அடிவரை தடவிப் பாருங்கள். தண்டில் சேராமல் தூளுக்குள் தனியாக இறங்கினால் அது குத்திய பூ. தண்டைப் பிடித்து மெல்ல உயர்த்தினால் வேர்பிடித்த கன்று சாடியை விட்டுக் கழன்று வராது. "ஆட்டாதீங்க, வேர் அறுந்துபோகும்" என்று தடுப்பார்கள். இந்த அளவுக்கு ஆட்டி நல்ல கன்று கெடாது.

இலையின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். நீர் ஊறியது போன்ற புள்ளியும் சுற்றிலும் மஞ்சள் ஓரமும் தெரிந்தால் அது பக்டீரியாக் கருகலாக இருக்கலாம். அதைக் குணமாக்க மருந்து இல்லை. தெறிக்கும் தண்ணீராலும் கத்தியாலும் வீட்டிலுள்ள மற்றக் கன்றுகளுக்கும் பரவும். வேரில்லாத கன்றைவிட இது பெரிய நட்டம்.

ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் தும்புத்தூளை உதறிக் கழுவுங்கள். கொலம்பியா, எக்குவடோர் மழைக்காடுகளில் மரங்களில் தொற்றி வளர்வது அந்தூரியம். வேருக்குக் காற்று வேண்டும். இறுக்கிய தூள் கொழும்பு மழையில் காய்வதே இல்லை, தண்டு அழுகிவிடும். ஸ்பிரிட்டால் துடைத்த கத்தியால் பழுப்பான அடியை வெள்ளைப் பகுதி தெரியும்வரை சீவுங்கள். பூக்களை நறுக்கிவிட்டு, மேல் இலைகள் இரண்டு மூன்றை மட்டும் விட்டு, அரைநாள் நிழலில் வையுங்கள். பிறகு சிரட்டைக்கரி, செங்கல் துண்டு, பொச்சுமட்டைத் துண்டு மூன்றையும் சம அளவில் கலந்து நடலாம். மட்டையை மூன்று நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீர் மாற்றுங்கள். அதன் கறைநீர் புதுவேருக்கு ஆகாது. தண்டில் காற்றுவேர் முளைவிட்ட கணு இருந்தால் அது கலவைக்குள் புதைய வேண்டும். 75 வீதம் வெயிலை மறைக்கும் நிழல்வலையின் கீழ் வையுங்கள். வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்க பல்கனி வேண்டாம், உப்புக்காற்று இலையோரத்தைக் கருக்கும். புது இலை விரியும்வரை உரம் போடாதீர்கள். இப்படிச் செய்தும் மூன்றில் ஒன்றுதான் பிழைத்தது.

விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை, பற்றுச்சீட்டும் கொடுத்திருக்கவில்லை. நீங்கள் "வேருடன் கூடிய கன்று" என்று எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடும்போது கையில் அது இருக்க வேண்டும்.