கத்தரித்த கட்டமா, கதாசிரியரின் வாக்குமூலமா?

தான் வெறும் சித்திரம், தன் உலகத்தை எவரோ வரைந்துகொண்டிருக்கிறார் என்று ஒரு கதாபாத்திரத்துக்கே தெரிந்துவிட்டால்? 1990ஆம் ஆண்டில் இரண்டு காமிக்ஸ்கள் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தன. ஒன்று, அமெரிக்காவின் டிசி வெளியிட்ட 'அனிமல் மேன்' 26ஆம் இதழ். இன்னொன்று, பிரான்சில் மார்க்-அந்துவான் மத்தியூ எழுதி வரைந்த 'லோரிஜின்'.

அனிமல் மேனின் கதாசிரியர் கிராண்ட் மாரிசன். (ராமாயணத்தில் மாயமானாக வந்த மாரீசனை நினைவூட்டும் பெயர், பொருத்தமாகத்தான் அமைந்திருக்கிறது!) மிருகங்களின் ஆற்றலைக் கடன் வாங்கும் நாயகன் பட்டி பேக்கர், குடும்பத்தைப் பறிகொடுத்தபின் மாரிசனின் வீட்டுக்கே போய் நிற்கிறான். ஏன் கொன்றாய் என்று கேட்கிறான். கதைக்கு அதிர்ச்சி தேவைப்பட்டது, அவ்வளவுதான் என்பது பதில். மாரிசன் மழுப்பவில்லை, செத்துப்போன தன் பூனையைப் பற்றியும் பேசுகிறார். நேர்மையான அத்தியாயம். ஆனால் முக்கால்வாசி பேச்சு. வசன பலூன்களை மட்டும் படித்தாலே விஷயம் புரிந்துவிடும், ஓவியத்துக்கு அங்கே பெரிய வேலையில்லை.

மத்தியூவிடம் நிலைமை தலைகீழ். நாயகன் பெயர் அக்ஃபாக். ஒலியைத் திருப்பிப் போட்டால் எழுத்தாளர் காஃப்கா. நகைச்சுவை அமைச்சகத்தில் உத்தியோகம், நெரிசலில் பிதுங்கும் நகரம், கறுப்பும் வெள்ளையுமாகப் பக்கங்கள். ஒருநாள் அவனுக்கு ஒரு காமிக்ஸின் தாள்கள் வந்து சேர்கின்றன. அதில் இருப்பது அவன் வாழ்க்கையேதான், இனி நடக்கப்போவதும் சேர்த்து.

சரி, இதுவரை யாரும் யோசிக்கக்கூடியதுதான். அப்புறம் ஒரு பக்கத்தில் படக்கட்டம் ஒன்று இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டை. அச்சுப்பிழை இல்லை, தாளையே வெட்டி எடுத்திருக்கிறார்கள். அந்த ஓட்டை வழியாக அடுத்த தாளின் கட்டம் தெரிகிறது, நாமும் அதை இந்தப் பக்கத்தின் கதையாகவே படித்துவிடுகிறோம். தாளைத் திருப்பினால் அதே கட்டம் தன் சொந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதே கணம் இரண்டு முறை நடந்துவிட்டது! அக்ஃபாக்கின் உலகம் காகிதம் என்பதை யாரும் நமக்கு விளக்கவில்லை, விரல் நுனிக்கே தெரிகிறது. கைபேசித் திரையில் இந்த வித்தை எடுபடாது. மாரிசனை எந்தத் திரையில் படித்தாலும் நஷ்டமில்லை; என் கணக்கில் அது மாரிசனுக்குப் பாதகமான விஷயம்.

அதனால் லோரிஜினுக்கே என் ஓட்டு. ஆனாலும் மத்தியூவிடம் இல்லாத ஒன்று மாரிசனிடம் உண்டு: வலி. அக்ஃபாக்குக்காக நான் ஒருமுறைகூடக் கவலைப்பட்டதில்லை. அனிமல் மேனின் 5ஆம் இதழில் வரும், ஓநாயைப் போன்ற கயோட்டியோ வேறு ரகம். அடிபட்டு அடிபட்டு எழும் கார்ட்டூன் உலகிலிருந்து ரத்தமும் சதையுமாக நம் உலகுக்குத் தள்ளப்பட்ட ஜீவன். கடைசியில் சாலை நடுவே செத்துக் கிடக்கிறது. வழியும் ரத்தம் வெள்ளையாக இருக்கிறது; தூரிகை பிடித்த பெரிய கை ஒன்று அதற்குச் சிவப்பு பூசிக்கொண்டிருக்கிறது. அங்கே ஒரு வசனமும் தேவைப்படவில்லை. 26ஆம் இதழிலும் மாரிசன் இப்படி வாயை மூடிக்கொண்டிருந்தால் என் ஓட்டு மாறியிருக்கும்.