ஸ்ட்ராட்டோகாஸ்டரா, லெஸ் பாலா: மறைத்த மாற்றம் எதில் சிக்கும்?

1960களின் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மின் கிட்டாரை இணையத்தில் வாங்கும்போது சோதனை எளிது. பிக்கார்டின் (முன்பக்க பிளாஸ்டிக் தகடு) 11 திருகுகளைக் கழற்றிப் படம் அனுப்பச் சொல்லுங்கள். ஹம்பக்கருக்காக (அகலமான இரட்டைச் சுருள் பிக்கப், அதாவது கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) பிரிட்ஜ் எனும் கம்பி தாங்கி அருகே மரத்தைக் குடைந்திருந்தால், பழைய பிக்கப்பைத் திரும்பப் போட்டிருந்தாலும் பள்ளம் காட்டிக்கொடுக்கும். பொட்டென்ஷியோமீட்டர் (ஒலியளவு, தொனிக் குமிழ்களுக்கு அடியிலுள்ள பாகம்) முதுகிலுள்ள எண்ணையும் கேளுங்கள்: 1376633 என்றால் சிடிஎஸ் நிறுவனத் தயாரிப்பு (137), 1966, 33ஆம் வாரம். கிட்டாரைவிட அது புதிதென்றால் மாற்றியிருக்கிறார்கள். (பழையதென்றால் பதற வேண்டாம், 1966இல் மொத்தமாக வாங்கியதை ஃபெண்டர் சில ஆண்டுகள் பயன்படுத்தியது.) நான்கு திருகுகளைக் கழற்றினால் கழுத்தின் அடியில் தேதியும் கிடைக்கும்.

1950களின் கிப்ஸன் லெஸ் பாலில் அந்த வசதியில்லை, கழுத்து ஒட்டப்பட்டது. தலை பின்னால் சாய்ந்திருப்பதாலும், டிரஸ் ராட் (கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பி) குடைவு மரத்தை மெலியவைப்பதாலும், நட்டுக்குப் (கழுத்து முனையில் கம்பிகள் பதியும் பட்டை) பின்னால்தான் உடையும். ஒட்டிப் பூச்சடித்துவிட்டால் சாதாரணப் படத்தில் தெரியாது. இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழ் எடுத்த படம் கேளுங்கள்: பழைய நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ்) பூச்சு பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும், புதுப்பூச்சு பெரும்பாலும் கருந்திட்டாக நிற்கும்.

தலையில் கம்பியை முறுக்கும் அசல் க்ளூசன் டியூனருக்கருகே கூடுதல் திருகுத் துளை இருந்தால், ஒருகாலத்தில் க்ரோவர் போன்ற வேறு நிறுவன டியூனர் போட்டிருக்கலாம். அப்போது தண்டுத் துளையையும் 10 மில்லிமீட்டருக்கு அகட்டியிருப்பார்கள். மாற்று புஷ்ஷிங் (துளையில் செருகும் உலோக வளையம்) அதை மூடிவிடும். ஒரு டியூனரையாவது கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.