மழையில் கார் கண்ணாடியில் ஆவி படிந்தால்: ஏசியா, ஜன்னலா, ஸ்ப்ரேயா?

டிசம்பர் மழை பிடித்துக்கொண்டால் ஆளுக்கு ஒரு வழி சொல்வார்கள். ஏசியை அணை, ஜன்னலைத் திற, உள்ளே ஷேவிங் ஃபோம் தடவு, சிலிகா ஜெல் பை வாங்கி டேஷ்போர்டில் போடு. இவற்றில் சிங்கப்பூருக்கு எது சரி, எது சரியில்லை என்று ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்கலாம்.

அதற்கு முன் கண்ணாடியில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு விழுந்தால் ஆவி உள்ளே இருக்கிறது. விழாவிட்டால் வெளியே, ஐஸ் மைலோ கிளாஸின் வெளிப்பக்கம் வேர்க்கிற மாதிரிதான் அது. ஏசியை 18 டிகிரியில் வைத்துக் காற்றை நேராகக் கண்ணாடிமேல் அடிக்கவிட்டால் வரும். வைப்பரை ஒரு தடவை ஓட்டி, ஏசியை 24, 25க்கு ஏற்றி, காற்றை முகத்துக்கோ காலுக்கோ திருப்பினால் போய்விடும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் எந்த வழியும் பலிக்காது.

இனி உள்ளே படிவது. குளிர் நாட்டு வீடியோக்கள் எல்லாம் வெளிக்காற்றை உள்ளே விடச் சொல்கின்றன. அங்கே அது சரி. 0 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 5 கிராம் நீராவியைத்தான் தாங்கும், அதை ஹீட்டரில் சூடாக்கினால் காய்ந்த காற்று கிடைக்கும். நமக்கு மழை நாளில் வெளியே இருக்கும் 24 டிகிரி காற்றில் 20 கிராமுக்கு மேல் ஈரம் இருக்கிறது. ஏசி இல்லாமல் அதை உள்ளே விட்டால் ஈரத்தோடு ஈரம் சேர்வதைத் தவிர வேறொன்றும் நடக்காது. ஜன்னலை ஒரு விரல் அகலம் திறந்து வைப்பதும் இதே கதைதான், கார் நிறைய ஆட்கள் இருக்கும்போது கொஞ்சம் உதவும், ஜன்னலுக்கு மேலே ஒட்டும் மழைத்தடுப்பு (டோர் வைசர்) இருந்தால் மழையும் உள்ளே அடிக்காது, ஆனால் எக்ஸ்பிரஸ்வேயில் பக்கத்து லாரி தெறிக்கிற தண்ணீர் மடியில்தான் விழும்.

ஆகவே இங்கே ஏசிதான் முதல் வழி. ஏசிக்குள் இருக்கும் குளிர்ந்த குழாய்ச்சுருளில் (காயில்) பட்டதும் காற்றில் உள்ள நீர் சொட்டாகி, குழாய் வழியாகக் காருக்கு அடியில் வடிந்துவிடுகிறது. வெளிக்காற்றா, உள்ளேயே சுற்றும் காற்றா என்று நிறையச் சண்டை நடக்கிறது. ஏசி ஓடும்வரை இரண்டும் காய வைக்கும், உள்ளே சுற்றுவது இன்னும் வேகமாகக்கூடக் காய வைக்கும். இருந்தாலும் நான் வெளிக்காற்றைத்தான் சொல்வேன், ஏனென்றால் நீண்ட தூரம் மூடிய காற்றிலேயே ஓட்டினால் தூக்கம் சொக்கும், ஏசி நின்றுபோனால் கண்ணாடி உடனே மூடிக்கொள்ளும்.

நம் ஊரில் ஆவி படிவதற்குப் பெரிய காரணமே மழையில் குளிருகிறது என்று ஏசி பட்டனை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிடுவதுதான். காயிலில் ஒட்டியிருந்த தண்ணீர் முழுவதும் ஆவியாகி நேராகக் கண்ணாடிக்கு வரும். சிவப்பு விளக்கில் எஞ்சின் தானாக நிற்கும் கார்களிலும் ஏசியைக் குளிர வைக்கும் கம்ப்ரசர் நின்றுபோவதால் இதேதான் நடக்கிறது, கனமழையில் அந்த வசதியை நிறுத்தி வையுங்கள். குளிர்ந்தால் டிகிரியை ஏற்றுங்கள், ஏசியை அணைக்காதீர்கள்.

ஆவி படியாமல் இருக்கக் கண்ணாடியின் உள்பக்கம் அடிக்கும் ஸ்ப்ரேக்கு இரண்டாவது இடம். அது ஈரத்தை எடுப்பதில்லை, துளித்துளியாக நிற்காமல் மெல்லிய படலமாகப் பரவ வைக்கிறது, அதனால் அதன் வழியே பார்க்க முடிகிறது. பள்ளி வாசலில் பிள்ளைக்குக் காத்திருக்கும்போது இது கை கொடுக்கும், ஏனென்றால் நிறுத்திய காரில் எஞ்சினை ஓடவிட இங்கே சட்டம் இடம் தராது. ஷேவிங் ஃபோமும் பாத்திரம் கழுவும் சோப்பும் அதே வேலையைத்தான் செய்கின்றன, ஆனால் சீக்கிரம் போய்விடும், இரவில் எதிரே வரும் விளக்கைச் சிதறடிக்கும், அதனால் முன்கண்ணாடிக்கு வேண்டாம். வெளியே பூசுகிற மழைநீர் விலக்கியை உள்பக்கம் தடவவே கூடாது, துளி இன்னும் மோசமாக நிற்கும்.

எதைப் பூசினாலும் முதலில் கண்ணாடியைத் துடையுங்கள். திறந்த கார்பார்க் வெயிலில் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து கிளம்பும் பிசுக்கு உள்பக்கம் படிகிறது, ஆவி அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மைக்ரோஃபைபர் துணி இரண்டு போதும், ஒன்றில் ஈரமாக, ஒன்றில் உலர. சோலார் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடிக்கு அமோனியா கலந்த கிளீனர் ஆகாது. பணம் அதிகம் ஆகாத இந்த வேலைக்குக் கிடைக்கும் பலன் பெரிது, ஆனாலும் பலர் இதைச் செய்வதில்லை.

சிலிகா ஜெல் பையைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரிடமிருந்தே மூச்சிலும் தோலிலுமாக மணிக்குச் சுமார் 30 கிராம் ஈரம் வரும், நான்கு பேர் என்றால் 120. அரைக் கிலோ பை நிரம்ப நிரம்பக் குடித்தாலும் 150 கிராம் போலத்தான், அதுவும் மெதுவாக. ராத்திரி பூட்டி வைக்கும் காருக்கு அது சரி, ஓடும் காருக்கு உதவாது. அலமாரியில் வைக்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாவைக் காரில் வைக்கவே வேண்டாம், அதில் சேரும் உப்புநீர் கவிழ்ந்தால் இரும்பை அரித்துவிடும். அதைவிட நனைந்த குடையையும் கால்மிதியையும் வெளியே எடுத்துப் போடுவது மேல்.

பள்ளி விடுமுறைக்கு மலேசியாவின் கேமரன் மலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு மட்டும் கணக்கு மாறும். அங்குள்ள தானா ராத்தா ஊர் கிட்டத்தட்ட 1,400 மீட்டர் உயரம், ராத்திரி 16 டிகிரிக்குக்கூட இறங்கும். கண்ணாடியும் நன்றாகக் குளிர்ந்துவிடும், வெளிக்காற்றிலோ நம் ஊரைவிட ஈரம் குறைவு. அங்கே குளிர்நாட்டு வழியே சரி: வெளிக்காற்று, ஹீட்டர், கூடவே ஏசி, எல்லாம் முன்கண்ணாடிக்கு. பின்கண்ணாடிக்குக் கம்பி ஹீட்டர் பட்டன். சில கார்களில் ஹீட்டரே கிடையாது, அப்படி என்றால் கிளம்புவதற்கு முந்தின நாளே கண்ணாடியைத் துடைத்து ஸ்ப்ரே அடித்துவிடுங்கள்.